கந்தூரிக் கடைப் பை, கம்பெனிப் பொம்மை, காயலான் கடை மூட்டை: இரண்டாயிரம் ரூபாய்க்கு எது?

போன மாதம் அக்கா மகன் வந்து என் ஜெராக்ஸ் கடை மேஜையில் இரண்டாயிரம் ரூபாயை வைத்தான். ஏழாவது படிக்கிறான். பொங்கலுக்குக் கிடைத்ததும் பிறந்தநாளுக்குக் கிடைத்ததுமாகச் சேர்த்த காசு. "மாமா, நானும் உங்கள மாதிரி பொம்மை சேக்கப் போறேன். கடல்ல இருக்கறது மட்டும். எங்க வாங்கட்டும்?"

இருபது வருடமாகப் பிளாஸ்டிக் மிருகப் பொம்மைகள் சேர்க்கிறேன். விரலளவு முதல் கையளவு வரை, அறுநூறுக்கு மேல் இருக்கும். வெளிநாட்டில் இந்தப் பழக்கமுள்ளவர்கள் இவற்றை 'ஃபிகர்' என்கிறார்கள். நம்மூரில் "ஃபிகர் சேர்க்கிறேன்" என்று சொன்னால் வீட்டுக்கு ஆள் தேடி வருவார்கள், அதனால் பொம்மை என்றே சொல்லிக்கொள்கிறேன். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் யோசனை கேட்டதில்லை. கேட்டவனுக்கு அரைகுறையாகச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. ராமேஸ்வரத்துக்கு முந்தைய மண்டபம் என்ற எங்கள் கடலோர ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பையன் பொம்மை சேர்க்க என்னென்ன வழி இருக்கிறது, எதில் என்ன கிடைக்கும், எதில் காசு வீணாகும் என்று ஒரு பில் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தோம். அதன் விரிவுதான் இது.

முதலில் சுலபமானது. ஏர்வாடி சந்தனக்கூடு, உத்தரகோசமங்கை ஆருத்ரா, ஓரியூர்த் திருவிழா என்று எங்கே கூட்டம் கூடினாலும் தார்ப்பாய் விரித்த கடையில் கண்ணாடிப் பையில் பன்னிரண்டு கடல் விலங்குகள் தொங்கும். விலையும் கைக்கடக்கம். பையன் கண் முதலில் போனதும் அங்கேதான். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பையில் திமிங்கிலமும் கடல் குதிரையும் ஒரே நீளம். என்னிடம் உள்ள ஒரு கணவாய்க்கு ஆறு கைதான், மீதியை அச்சிலேயே விட்டுவிட்டார்கள். அடுத்த திருவிழாவில் வேறு பை வாங்கினாலும் அதே பன்னிரண்டுதான் வேறு நிறத்தில் வரும். வயிற்றைத் திருப்பினால் 'சைனா' என்ற ஒரே சொல், சிலதில் அதுவும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இவற்றில் பல, ஏதோ ஒரு நல்ல பொம்மையை வைத்து அச்செடுத்த நகல். பிளாஸ்டிக் ஆறும்போது சற்றுச் சுருங்கும். அதனால் நகல் எப்போதும் மூலத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும், செதிலும் தோல் மடிப்பும் மழுங்கியிருக்கும். நகலை வைத்து மறுபடி நகல் எடுத்தால் இன்னும் சுருங்கும். என்னிடம் ஒரே கொம்பன் சுறா, அதாவது சுத்தியல் தலைச் சுறா, மூன்று அளவில் இருக்கிறது. தாத்தா, அப்பா, பேரன் போல வரிசையாக நிற்கும், பேரனுக்குக் கண்ணே இல்லை. எனக்கு அந்த வரிசை பிடிக்கும். தொடக்கத்திலேயே ஒரு பையன் கையில் கண்ணில்லாத பேரனை மட்டும் கொடுக்கலாமா?

கூடவே சட்டமும் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இறக்குமதி வரியும் 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60ஆக ஏறி, 2023இல் 70 ஆனது. திருவிழாக் கடைப் பையில் முத்திரையைத் தேடிப் பாருங்கள். சின்னக் குழந்தை வாயில் வைக்கும் வீடென்றால் அதைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

கின்டர் ஜாய் முட்டைக்குள் வருவதைப் பற்றியும் கேட்டான். கூட வரும் துண்டுக் காகிதத்தில் எண் இருக்கும், அந்தக் காகிதத்தைத் தொலைக்காமல் வைத்தால் அடையாளம் காண்பது சுலபம். ஆனால் எது வருமென்று தெரியாமல் வாங்குவதில் பாதிக் காசு சாக்லேட்டுக்குப் போய்விடும். தின்பதற்கு வாங்கு, கணக்கில் சேர்க்காதே என்று முடித்தேன்.

அடுத்தது கம்பெனிப் பொம்மை. ஜெர்மனியின் ஷ்லைக், புல்லிலேண்ட், பிரான்சின் பாப்போ, அமெரிக்காவின் சஃபாரி, அப்புறம் கலெக்டா. நம் பக்கத்துக் கடைகளில் இவை கிடைப்பது அபூர்வம். மதுரைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இணையத்தில் வரவழைக்க வேண்டும். ஒன்று ஐந்நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். இரண்டாயிரத்துக்கு நாலு வந்தால் அதிகம்.

கொடுக்கும் காசுக்கு உருவம் சரியாக இருக்கும், அதுதான் முதல் லாபம். திருக்கையின் வால் முள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். சுறாவின் செவுள் பிளவை எண்ணிப் பார்க்கலாம். இரண்டாவது லாபம் வயிற்றெழுத்து. சஃபாரி 1982இல் தொடங்கிய நிறுவனம், அவர்களுடைய பல பொம்மைகளில் விலங்கின் பெயரே வயிற்றில் இருக்கும். ஷ்லைக் 1935இலிருந்து இருக்கிறது, ஸ்மர்ஃப் என்ற நீலக் குள்ளர்களால் பெயர் வாங்கியது. அதன் பொம்மையைத் திருப்பினால் 'ஆம் லீமெஸ் 69, டி-73527' என்று தெரு முகவரியே பொறித்திருக்கும்.

இந்த முகவரி வெறும் அலங்காரம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஜெர்மனியில் ஐந்திலக்க அஞ்சல் எண் வந்தது 1993 ஜூலையில். ஆக, 73527 என்று இருந்தால் அந்த அச்சு அதற்குப் பிந்தியது. நாட்டின் பெயரே 'டபிள்யூ. ஜெர்மனி', அதாவது மேற்கு ஜெர்மனி, என்று இருந்தால், இரு ஜெர்மனியும் ஒன்றான 1990க்கு முந்தியது. ஒரு பொம்மையின் வயிற்றில் ஒரு நாட்டின் வரலாறே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் வட்டத்துக்குள் 'சி' போட்டு எழுதியிருக்கும் வருடம், அந்த உருவத்தை வடிவமைத்த வருடம். கையிலிருக்கும் பொம்மை பத்து வருடம் கழித்து வார்த்ததாக இருக்கலாம். விற்பவர்கள் அதைக் காட்டி "பழைய பீஸ் சார்" என்பார்கள். நம்ப வேண்டாம்.

காசு கொடுத்தால் தப்பே நடக்காதா என்றால், நடக்கும். எனக்கே நடந்தது. ஆவுளியா, அதாவது நம் பக்கத்துக் கடற்பசு, அதன் பொம்மை வேண்டும் என்று ஆறு மாதம் அலைந்தேன். இந்தக் கரையில் பிறந்துவிட்டு அலமாரியில் ஒரு ஆவுளியா இல்லாமல் எப்படி? இணையத்தில் ஒருவர் 'கடற்பசு' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆயிரத்துச் சொச்சம் கட்டினேன். பெட்டியைப் பிரித்து வாலைப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. வால் தோசைக்கரண்டி மாதிரி வட்டமாக இருந்தது. ஆவுளியாவுக்கு வால் ஓங்கலுக்கு (டால்பினுக்கு) இருப்பது போல நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். வந்தது மானட்டி, அமெரிக்கக் கரையிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருப்பது. துடுப்பின் நுனியில் நகம் வேறு செதுக்கியிருந்தார்கள். ஆவுளியாவுக்கு நகம் கிடையாது, மூஞ்சியும் கடற்புல் மேய வசதியாகக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். செய்தவன் தப்பே செய்யவில்லை, சரியான மானட்டியைத்தான் செய்திருந்தான். விற்றவருக்குத்தான் இரண்டும் ஒன்று. திருப்பி அனுப்புவதற்கான நாளும் கடந்திருந்தது. அந்த மானட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, யார் வந்தாலும் வாலைக் காட்டி ஒரு பிரசங்கம் செய்வேன்.

ஆகவே கம்பெனிப் பொம்மை வாங்குகிறவர்கள் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். வால், துடுப்பு, வயிறு மூன்றுக்கும் படம் கேளுங்கள். நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1949இலிருந்து 1971 வரை அதன் தலைமையிடமே இங்குதான், பிறகுதான் கொச்சிக்குப் போனது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து பொம்மையைப் பார்த்தால் எது சரி, எது கற்பனை என்று தானாகத் தெரியும்.

இனி என் மனசுக்குப் பிடித்த வழி, காயலான் கடை.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஒவ்வொரு தடவை வரும்போதும் பெட்டியில் பிள்ளைகளுக்குப் பொம்மை வரும். பிள்ளைகள் வளர்ந்து அவர்களும் கப்பல் ஏறிய பிறகு, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஒரு நாள் மொத்தமும் சாக்கில் கட்டப்பட்டு காயலான் கடைக்கு வந்து சேரும். அங்கே பிளாஸ்டிக்குக்கு எடை விலை. ஜெர்மன் சிங்கமும் உடைந்த பக்கெட்டும் ஒரே தராசில்தான் நிற்கும். கடைக்காரர்களிடம் ஒரே ஒரு நாகரிகம் வேண்டும். மூட்டையைக் கொட்டிக் கிளறினால் திரும்ப அள்ளிக் கட்டி வைத்துவிட்டு வர வேண்டும். அதைச் செய்தால் அடுத்த முறை "தம்பி, உனக்குன்னு ஒரு சாக்கு எடுத்து வச்சிருக்கேன்" என்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் விளையாட்டு ஆரம்பம். முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வெந்நீர் வேண்டாம், சாயம் போகும், கால் வளையும். கால் ஏற்கெனவே வளைந்து சாயும் பொம்மைக்கு மட்டும் வெந்நீர் மருந்து. ஒரு நிமிடம் முக்கி, இளகியதும் நிமிர்த்திப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் விட்டால் நின்றுவிடும்.

அடுத்தது வாளி. தண்ணீர் நிறைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். கெட்டியாக வார்த்த பி.வி.சி. பொம்மை மூழ்கிவிடும், தண்ணீரைவிட அது ஏறத்தாழ 1.3 மடங்கு கனம். மெழுகு தடவியது போல வழுவழுப்பான பாலித்தீன் பொம்மை மிதக்கும், அதன் அடர்த்தி ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே கூடாக ஊதிச் செய்ததும் மிதக்கும், அதை அமுக்கிப் பார்த்தாலே தெரியும். நகத்தால் தட்டினால் 'டிக்' என்று கண்ணாடி போல ஒலிப்பது பாலிஸ்டைரீன், பழையதில் அதிகம். கம்பெனி மிருகங்கள் பெரும்பாலும் பி.வி.சி., அந்தக் காலத்துப் பொட்டலச் சிப்பாய்கள் பாலித்தீன். அன்றைக்குப் பையனை வைத்தே செய்து காட்டினேன். பழுப்பு மாடு கல் போல இறங்கியது, வெள்ளைக் குதிரை ஒருக்களித்துப் படுத்து மிதந்தது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பொம்மையும் கெடும், பி.வி.சி. புகை மூக்குக்கும் ஆகாது. வாளியே போதும்.

பிறகு வயிறு. எழுத்து தேய்ந்திருந்தால் முகப்பவுடரைத் தொட்டுத் தடவி, மேலே துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளத்தில் பவுடர் நின்று எழுத்து வெள்ளையாக எழும். 'ஹாங்காங்' என்றிருந்தால் பெரும்பாலும் ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளுக்குள். 'சைனா' என்றால் அதற்குப் பிறகு. ஏ என்ற எழுத்து மூன்று தடவை இருந்தால் நிறுத்திப் பாருங்கள், பெயர் தெரியாத பைப் பொம்மைகளுக்கு நடுவே உருவம் நன்றாக அமைந்த பழைய சரக்கு அது. வயிற்றில் தனியாக நிற்கும் 3, 7 போன்ற எண்ணைப் பார்த்துப் பலர் வரிசை எண் என்று நினைக்கிறார்கள். அநேகமாக அது அச்சிலிருக்கும் குழியின் எண். ஒரே அச்சில் பத்துக் குழி இருந்தால் பத்துக்கும் ஒவ்வொரு எண், எதில் பழுது என்று தொழிற்சாலைக்காரன் கண்டுபிடிக்க.

பினாகா யானையைச் சொல்லாமல் காயலான் கடையைத் தாண்ட முடியாது. அறுபது எழுபதுகளில் பினாகா பற்பசை டப்பாவோடு ஒரு குட்டிப் பிளாஸ்டிக் மிருகம் வரும். பினாகா பெயரில் இலங்கை வானொலியில் வந்த இந்திப் பாட்டு நிகழ்ச்சி இந்தக் கரையில் ரொம்பத் தெளிவாகக் கேட்கும் என்று அம்மா சொல்லுவாள். பாட்டு ஒரு வரி புரியாது, ஆனாலும் கேட்டார்களாம். அந்த மிருகங்களை இன்று இந்தியா முழுக்கத் தேடுகிறார்கள். எனக்கு ஒரு பித்தளை டம்ளருக்குள் நாலு கிடைத்தது, அதில் ஒன்று யானை. பூச்சி வராமலிருக்கட்டும் என்று அந்தப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்தேன். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் யானையின் நாலு காலும் இளகிப் பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. அந்துருண்டை ஆவிக்குப் பாலிஸ்டைரீன் தாங்காது. மிருதுவான பி.வி.சி. பொம்மையோடு ஒட்டி வைத்தாலும் இதே கதிதான், பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் கசிந்து மற்றதைக் கரைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைத்தாள் போதும். அந்துருண்டை போட்ட நாளை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

கரையில் பொறுக்குவதையும் பையன் கேட்டான். அது இலவசம், ஆனால் அதற்கென்று ஒரு விதி இருக்கிறது. வாளியில் மூழ்கியது கடலிலும் மூழ்கும், அதனால் கரைக்கு வருவது எல்லாம் மிதப்பன. நல்ல பி.வி.சி. சுறா ஒன்று படகிலிருந்து விழுந்தால் அது அடிமணலுக்குத்தான். 1992இல் பசிபிக்கில் ஒரு கப்பலிலிருந்து பெட்டகம் விழுந்து 28,800 குளியலறைப் பொம்மைகள், வாத்து, ஆமை, தவளை, பீவர் என்று கடலில் கலந்தன. வருடக்கணக்கில் அவை அங்கங்கே கரை ஒதுங்கியதை வைத்து நீரோட்டத்தையே ஆராய்ந்தார்கள். அத்தனையும் காற்றடைத்த கூடு. 1997இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள் விழுந்தன, இன்றுவரை கார்ன்வால் கரையில் பொறுக்குகிறார்கள். நம் பக்கம் அப்படியொரு புதையல் வரவில்லை. வந்தது 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல், கடலில் கொட்டியது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை. பொம்மை ஆவதற்கு முந்தைய பொம்மை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வாடைக் காலத்தில் பெண்கடல் (வடக்கே பாக் விரிகுடா) பக்கமும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஆண்கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) பக்கமும் பாருங்கள், காற்று எதிரே இருக்கும் கரையில்தான் குப்பை ஏறும். சிங்கள எழுத்துள்ள பாட்டில் மூடிகளுக்கு நடுவே வருடத்துக்கு இரண்டோ மூன்றோ பொம்மை எனக்குக் கிடைக்கும். வெயிலில் நிறம் வெளுத்து, ஒரு பக்கம் கொட்டலசு, படகடியில் ஒட்டி வளரும் அந்த ஓட்டுயிர், ஒட்டி வரும். கொட்டலசைச் சுரண்டாமல் வையுங்கள், அது எவ்வளவு நாள் மிதந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பொம்மைக்குப் பக்கத்தில் கிடக்கும் பவளத் துண்டையோ கடல் குதிரையையோ கடல் அட்டையையோ மட்டும் எடுக்காதீர்கள். 2001இலிருந்து அவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, காய்ந்ததாக இருந்தாலும் வழக்குத்தான். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. கடல் உயிர் சேர்க்க ஆசைப்படுகிறவன் பிளாஸ்டிக்கில் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் பில் தாளில் எழுதிய கணக்கு இப்படி நின்றது. கம்பெனிப் பொம்மை ஒன்றே ஒன்று, 900 ரூபாய்க்குள். அது அளவுகோல். மற்றதையெல்லாம் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது கூர்மை, எது மழுங்கல் என்று கண் பழகும். கீழக்கரைக்கு ஐந்து தடவை போய்வரவும் காயலான் கடைக்கும் 700. உருப்பெருக்கிக் கண்ணாடி, நோட்டு, ஸ்கேல் எல்லாம் சேர்த்து 300. மீதி நூறு, வழியில் பசித்தால். திருவிழாப் பைக்குப் பூஜ்யம். முழுக்கக் கம்பெனிப் பொம்மையாகவே வாங்குவேன் என்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அலமாரி அழகாக இருக்கும், பேரும் எழுதியே வரும். என்னைப் போல ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சும் பவுடருமாக உட்காருகிறவர்களுக்கு அதில் வேலை இல்லை, அவ்வளவுதான்.

அவன் வாங்கிய கம்பெனிப் பொம்மை கொம்பன் சுறா. காயலான் கடையில் முதல் நாளே ஒரு கடல் ஆமை அகப்பட்டது. வயிற்றில் ஒரு எழுத்தும் இல்லை, கட்டைவிரல் நீளம். முதுகோட்டின் அமைப்பை வைத்து ஆமையை இனம் பிரிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். முதுகில் நீளவாக்கில் மேடு ஓடினால் ஏழுவரி ஆமை. கிளி மூக்கும், கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடும் இருந்தால் அழுங்காமை. நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு தகடு, மூக்கு மொட்டை என்றால் பேராமை. ஆறோ அதற்கு மேலோ என்றால் பங்குனி ஆமை. துடுப்புக்குப் பதிலாக விரல் இருந்தால் செய்தவன் கடலையே பார்த்ததில்லை.

இரவு போன் வந்தது. "மாமா, ஒரு பக்கம் ஆறு இருக்கு, இன்னொரு பக்கம் ஏழு. அச்சு தப்புதானே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பங்குனி ஆமைக்கு நிஜத்திலேயே இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். பேரில்லாத ஏதோ ஒரு தொழிற்சாலையில், நிஜ ஆமையைப் பார்த்து எண்ணிச் செதுக்கினானா, கை தவறியதா? நோட்டில் இரண்டையும் எழுதி வை என்றேன். முட்டைக் காலம் வரட்டும், தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை பொரிப்பகத்துக்குக் கூட்டிப்போகிறேன், குஞ்சுகளைக் கடலில் விடும்போது எண்ணிப் பார்ப்போம். "அது ஓடிருமே மாமா" என்றான். ஓடும்தான்.